குலவைப் பொத்தான்

மணமகள் காரை விட்டு இறங்கிவிட்டாள். என் கணினி இன்னும் எழுந்திருக்கவில்லை.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு சதவீதம் முடிந்திருக்கிறது, தயவுசெய்து அணைத்துவிட வேண்டாம் என்றது.

"என்ன இன்ஜினியரே, உன் பொட்டி தொழுகைக்குப் போயிருக்கா?" என்றார் ஹுஸ்னி.

கணினியைத் திறந்து மூடத் தெரிந்த எவனும் எங்கள் இம்பாபாப் பேட்டையில் இன்ஜினியர்தான். நானும் அந்தப் பட்டத்தை ஒருநாளும் மறுத்ததில்லை.

கல்யாணக் கச்சேரிக் குழு என்னுடையது. நேற்றுவரை அதில் இருந்த கீபோர்டு ஹுஸ்னியுடையது. இருபத்திரண்டு கிலோ. இரண்டு கட்டைகள் அமுங்கினால் எழாது. ஆனால் சுவிட்சைப் போட்ட மறுநொடி பாடும். எங்கள் அரபுப் பாட்டுக்கு ஸ்வரத்தைக் கால் சுருதி இறக்க வரிசையாகப் பொத்தான்கள் உண்டு. ஹுஸ்னி பாட்டுக்கு நடுவில், தேநீர்க் கிளாஸைக் கீழே வைக்காமலே இறக்குவார்.

அதை ஒழித்துக்கட்டிக் கணினியைக் கொண்டுவந்தவன் நான். மூன்று மாதம் பேசினேன்.

"இதுல பன்னிரண்டாயிரம் ஓசை இருக்கு, உஸ்தாத்."

"எனக்குப் பத்து விரல்தானேடா இருக்கு."

கடைசியில் என் பேச்சுக்கு அல்ல, தம் முதுகுவலிக்குத்தான் இணங்கினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அந்தக் குலவை மட்டும் வந்துரணும். சனிய்யா போட்டது."

சனிய்யா அவர் மனைவி. போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. கீபோர்டு வாங்கிய புதிதில், அடுப்படியில் கீரை கிளறிக்கொண்டிருந்தவளிடம் மைக்கை நீட்டி, ஒரு குலவை போடச் சொல்லிப் பதிந்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துக் கல்யாணம் எல்லாவற்றிலும் மணமகள் பந்தலுக்குள் கால் வைத்ததும் வலது மூலைப் பொத்தானை அமுக்குவார். சனிய்யா தொடங்குவாள். தெருப் பெண்கள் எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள்.

குலவை முடிந்ததும் ஹுஸ்னிக்கு ஒரு வழக்கம் உண்டு. இடது கையால் மிக்ஸரில் தன் ஒலியைப் பந்தலுக்குக் கேட்காதபடி இறக்கிவிடுவார். ஒரு காதில் மட்டும் மாட்டிய ஹெட்போனோடு தலையைச் சாய்த்து இரண்டு விநாடி நிற்பார். பிறகு மெல்லச் சொல்வார்: "பிரமாதம், போ."

தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளும் ஒரே கலைஞர் என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருந்தேன். தபலாக்கார ஷஹாத்தா டீக்கடையில் அதை அப்படியே நடித்துக் காட்டுவான், தலையைச் சாய்த்து, கண்ணைச் சொருகி. உரக்கச் சிரிப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தக் குலவையைக் கணினிக்கு மாற்றியபோது என் திறமை முழுவதையும் கொட்டினேன். திரையில் அது மலைத்தொடர்போல் நின்றது. இரைச்சலைத் துடைத்தேன். மலை முடிந்து சமவெளி வந்த பிறகு சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. ஒருமுறை போட்டுக் கேட்டேன், பொறுப்பானவன் அல்லவா. குலவையில் சேராத சத்தம். வெட்டினேன். பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். இரண்டு பிரதி வைத்திருப்பது குப்பை சேர்ப்பவர்களின் வேலை.

கீபோர்டை மாற்றாக எடுத்துக்கொண்ட கடைக்காரன், உள்ளே எதுவும் இருக்கக் கூடாது என்றான். அதையும் நானே துடைத்துக் கொடுத்தேன். ஒன்றுமில்லாமல்.

திரையில் நூறு சதவீதம் ஆகிவிட்டது.

ஹுஸ்னி கணினியோடு இணைத்திருந்த புதிய கட்டைப் பலகையின் வலது மூலைப் பொத்தானை அமுக்கினார்.

குலவை எழுந்தது. கழுவிய கண்ணாடி. ஒன்பது வருடம் முன்பு போனவள் அடுத்த வீட்டு மாடியிலிருந்து போடுவதுபோல் அவ்வளவு தெளிவு. பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். மணமகளின் அம்மா அழுதாள். ஷஹாத்தா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

நான் பாராட்டுக்காக ஹுஸ்னியைப் பார்த்தேன்.

அவர் இடது கையால் ஒலியை இறக்கியிருந்தார். தலை சாய்ந்திருந்தது.

இரண்டு விநாடி. ஐந்து விநாடி.

உள்ளங்கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். இறக்கிய ஒலியை ஏற்றாமல் மறுபடி பொத்தானை அமுக்கினார். மறுபடி நின்றார். மணமகள் மேடையேறிவிட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் யாரோ பாட்டு எங்கே என்று கத்தினார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார். என்னிடமா என்று தெரியவில்லை.

"சுத்தம் பண்ணிருக்கேன், உஸ்தாத். கடைசியில ஏதோ சட்டி பானைச் சத்தம், பேச்சு எல்லாம் இருந்துச்சு. அத எடுத்துட்டேன்."

என் முகத்தையே பார்த்தார். திட்டியிருக்கலாம். ஷஹாத்தாவுக்கு ஒரு வருடம் நடித்துக் காட்ட விஷயம் கிடைத்திருக்கும்.

"பழைய பொட்டியில இருக்குமில்ல?"

நான் குனிந்து கணினி வயரைச் சரிசெய்தேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். கைக்குட்டையால் காதைத் துடைத்தார். "சரி, இன்ஜினியரே" என்று சொல்லிவிட்டு முதல் பாட்டைத் தொடங்கினார். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. கால் சுருதி இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது.

"பிரமாதம், போ" மட்டும் வரவில்லை.

இரண்டாவது பாட்டில்தான், வெட்டுவதற்கு முன் நான் கேட்டது முழுவதுமாக நினைவுக்கு வந்தது. கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டும் சத்தம். பிறகு மூச்சுவாங்கிக்கொண்டே, பாதிச் சிரிப்பில், ஒரு பெண் குரல்.

"எப்படி இருந்துச்சு, ஹுஸ்னி?"