ஒரு முழம் தள்ளி

"பதினோரு வருஷம்டி. உன் ஆளு கொண்டாந்த சனியன் நாலே ராத்திரியில தின்னு முடிச்சிருச்சு."

அக்காவின் குரலுக்கு மாடியில் துணி உலர்த்தியவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

தங்கை கண்ணாடித் தொட்டியையே பார்த்தபடி நின்றாள். வருஷத்துக்கு ஒரு நகக்கண் அளவு வளர்ந்தாலே அதிசயம் என்கிற, அக்கா வளர்த்த மூளைப் பவளம், ஒரு பக்கம் சதை உரிந்து சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

பக்கத்திலேயே விண்மீன் பவளம். பகலில் பூங்கொத்து மாதிரி அவ்வளவு சாது. இருட்டியதும் நூல்நூலாய்க் கைகளை நீட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் யார் குடியிருந்தாலும் கொட்டியே காலி செய்துவிடும். தெருவிலும் இந்த ரகத்தில் இரண்டு பேர் உண்டு.

கல்யாணம் பேசி முடித்த அன்று, வளர்ப்பு மீன் கடைக்காரன் தங்கைக்குக் கொடுத்த பரிசு அது.

கடை என்னவோ அக்கா வாடிக்கையாகப் போகும் கடைதான். தொட்டிக்கு உப்பு வாங்க ஏழு வருஷமாக, ஞாயிறு தவறாமல், தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு அவள்தான் போவாள். ஒரே ஒரு ஞாயிறு காய்ச்சலில் படுத்தாள். தங்கை போனாள். உப்போடு மாப்பிள்ளையும் வந்தான்.

அப்போதும் அக்கா முகம் கோணவில்லை. பரிசை வாங்கி, ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு முழம் தள்ளி வைத்தாள். கடல் காட்சியகத்தில் வேலை பார்ப்பவள். தொட்டியில் வேறு யாரும் விரல் நனைக்கக்கூடாது.

இன்று அது நாலு விரல்கடையில் இருந்தது.

"ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கும்மா" என்றாள் அக்கா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம்.

"பசை போட்டுக் கல்லுல ஒட்டினது எப்படிம்மா ஊரும்?" என்றாள் தங்கை.

"அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" அம்மா எழுந்துவிட்டாள். "அடியெடுத்து வைக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல ஒரு உயிர் போச்சு. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். அழுகை நிஜம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தங்கை அடுத்த மாதமே வேலை என்று வெளியூர் போனாள். இன்னும் தனியாள்தான்.

கடைக்காரனுக்கு மறுவருஷம் கல்யாணம் ஆனது. அக்காவோடு.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் புதுத் தொட்டி. நடுவில் விண்மீன் பவளம் கொழுத்துக் கிடக்கிறது. சுற்றிலும் ஒரு முழத்துக்கு அக்கா எதையும் வைப்பதில்லை.