கினிப்பன்றிகளின் வரவேற்பு

பல மாதம் கழித்துக் கப்பலிலிருந்து திரேஸ்புரம் வீட்டுக்கு வந்த ரோச், கூண்டருகே குனிந்து ஆசையாகக் கூப்பிட்டான். போன விடுப்பில் மனைவி அல்போன்சாவுக்குத் துணையாக அவன் வாங்கி வந்த கினிப்பன்றிகள் இரண்டும் வைக்கோலுக்குள் பதுங்கின. அல்போன்சா வாயைத் திறந்ததுமே விசிலடித்து ஓடி வந்தன.

"கொண்டாந்தவன் நானு. எனக்கு ஒரு விசில் கிடையாதாக்கும்?"

"தெனமும் புல்லு போடுத ஆளு குரலுக்குத்தான் கத்தும். பொறாமையப் பாருங்க!" என்று சிரித்தாள் அல்போன்சா.

ரோச் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

வாசலில் எதிர்வீட்டு பவுல் தயங்கி நின்றான்.

"ஏலே பவுலு, நம்ம வீட்டுக்குள்ள நீ வந்ததே இல்லையே. உள்ள வாலே!"

"ஆமா அண்ணாச்சி, இதுதான் மொதத் தடவ" என்றபடி நுழைந்தான் பவுல்.

கினிப்பன்றிகள் இரண்டும் விசிலடித்துக்கொண்டு கம்பியில் வந்து முட்டின.

ரோச் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தது.