கீரை உட்கார்ந்த இடம்

செண்பகவல்லியின் ஈறு நோயில் தளர்ந்துபோனதால், முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லை விட்டு விலகி ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில் தினமும் ஒரு முருங்கைக்கீரை வந்து ஜம்மென்று உட்காரும்.

"நீ எப்பப்பா விழுவே? எனக்குக் காலை நீட்டணும்" என்று கேட்கும். முன்பல்லுக்கு மானம் போகும்.

பல் டாக்டர் ஈறோரம் பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைச் சுரண்டி, ஈறு ஆறி ரத்தம் நின்ற பிறகு, சந்தை மூடக் கம்பி மாட்டினார்.

"ஒரே இழுப்பா இழுத்துடு அண்ணே!" என்று பரபரத்தது முன்பல்.

"உன்னைக் கேட்டா இழுக்க முடியும்? தாங்குறவங்களைக் கேக்கணும்" என்ற கம்பி, ஈறின் பக்கம் திரும்பியது. "அக்கா, நீங்க சொல்லுங்க."

இத்தனை நாளில் யாரும் ஈறைக் கேட்டதில்லை. அது மெல்லச் சொன்னது: "இப்பத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கேன். வேகமா இழுத்தா இவனைக் கைவிட்டுடுவேன். மயிரிழை நகர்த்து. நான் பிடிச்சுக்கிட்டதும் அடுத்த இழை."

முன்பல் முணுமுணுத்தது. கம்பி அப்படியே செய்தது. மாதங்கள் ஓடின.

ஒரு மத்தியானம் கீரை வழக்கம்போல் வந்தது. "கொஞ்சம் நகருங்க, என் இடம்..."

"எந்த இடம்?" என்று பல்லும் ஈறும் ஒரே குரலில் கேட்டன.

கீரை வழுக்கிக்கொண்டு நேரே வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.