தூள் போத்தல்

வெறும் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் படலையடியில் நிற்கிறான் சிவகரன். அடியில் ஒட்டியிருக்கும் கறித்தூள் காலை வெயிலில் செக்கச்செவேலென்று தெரிகிறது. கண்டிக்கு மாற்றலாகிப் போகும் மனைவி பத்மாசினியின் சாமான்கள் லொறியில் ஏறியாயிற்று. விவாகரத்து வழக்கும் அடுத்த தவணையோடு முடிந்துவிடும். சாரதி இரண்டாந்தரம் ஹோர்ன் அடிக்கிறார். "இஞ்சேரும், தூள் முடிஞ்சுது. எப்பிடி வறுக்கிறதெண்டு சொல்லிப்போட்டுப் போம்." "பதினொரு வருசமா அடுப்படியை எட்டியும் பாக்கேல்லை. லொறி வெளிக்கிடேக்கையோ கேக்கிறியள்?" அவன் பாவம்போலப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டுகிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏறியிருந்து கதவை அடித்துச் சாத்துகிறாள். பிறகு கண்ணாடியை இறக்கி, அவன் முகத்தைப் பாராமல், "அலுமாரி மேல்தட்டிலை ரெண்டு போத்தல் இடிச்சு வைச்சிருக்கிறன்" என்கிறாள். சொன்ன கையோடு, சாத்திய கதவை மறுபடி திறந்து, முன்னையிலும் பலமாக அடித்துச் சாத்துகிறாள்.