முதல் வாய்

"கேரட்டை வட்டமா வெட்டிப் போட்டா துப்பிடுவா. துருவி, சோத்துக்குள்ள மறைச்சிடணும்."

நோட்டுடன் உட்கார்ந்திருந்தவள் பரபரவென்று எழுதினாள். "கீரை?"

"கண்டாலே ஓட்டம்தான். முட்டையோட சேர்த்துப் பொரிச்சுக் குடுங்க. பழம் நாலு மணிக்கு. வெறும் பாலைக் குடிச்சே வயித்தை ரொப்பிக்கப் பார்ப்பா, விட்டுடாதீங்க."

"நான் இதுவரைக்கும் குழந்தையே பார்த்துக்கிட்டதில்லக்கா. பயமா இருக்கு. அடம் பிடிச்சா?"

"முதல் வாயை நீங்க சாப்பிட்டுக் காட்டணும். அப்புறம்தான் மகாராணி வாயைத் திறப்பாங்க. எனக்குக் கேரட்னாலே குமட்டும். ரெண்டு வருஷமா தின்னுக்கிட்டு இருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நோட்டுக்காரி தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்களைத் தேடி அழுவாளாக்கா?"

"ரெண்டு நாள் அழுவா. பச்சப்புள்ள, மறந்துடும்."

அப்போது குழந்தைகள் இல்லத்து நிர்வாகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நோட்டுக்காரியின் மடியில் வைத்தார்.

"கையெழுத்தெல்லாம் முடிஞ்சுது. இனிமே நீங்கதான் இவளுக்கு அம்மா. நம்ம சமையல்காரம்மா சொன்னதை எல்லாம் குறிச்சுக்கிட்டீங்களா?"

கார் கிளம்பிப் போனது.

மதியம் சமையல்காரம்மா அடுப்படியில் தட்டோடு உட்கார்ந்தாள். கேரட் துருவிப் போட்ட சோற்றில் ஒரு வாய் எடுத்து, முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினாள்.

அடுத்த வாயைச் சின்னதாக உருட்டி, பழக்கதோஷத்தில் பக்கத்தில் நீட்டினாள்.