ஒன்றாம் வேகம்

மழை விடாத மாலை. வாசலில் நிற்கும் காரின் முன்சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்துத் தம்பி மல்லாந்து கிடக்கிறான். ஸ்டியரிங் பக்கம் சால்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்து அக்கா டார்ச் பிடிக்கிறாள். ஹீட்டர் காற்றாடிக்கு முதல் மூன்று வேகமும் போய்விட்டது. நாலாவதில் வைத்தால் காதைப் பிளக்கும் இரைச்சல். நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் சிகிச்சை முடிந்து திரும்பும் அக்காவுக்குக் குளிரில் பல் கிட்டிவிடும். "இதான்க்கா எல்லாத்துக்கும் காரணம்," என்று, காற்றாடியின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரைக் கருகிப்போன நிலையில் நீட்டுகிறான். அவள் வாங்கித் திருப்பிப் பார்க்கிறாள். "என்னைவிட மோசமா இருக்கேடா!" அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. புதியதைச் செருகி, திருகாணிகளை முடுக்கிவிட்டு எழுந்து பக்கத்துச் சீட்டில் உட்காருகிறான். அக்கா என்ஜினை ஓடவிட்டு, காற்றாடிக் குமிழை ஒன்றில் வைக்கிறாள். தூங்கும் குழந்தையின் மூச்சைப்போலக் காற்று வருகிறது. கூரையில் விழும் மழை இப்போது தெளிவாகக் கேட்கிறது. "நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து வரும்போது ஒண்ணு சொன்னேன். அந்த இரைச்சல்ல உன் காதுல விழுந்துச்சோ இல்லையோ." அவன் விரலில் ஒட்டிய கரியைத் துணியால் துடைக்கிறான்; கரி போன பிறகும் துடைக்கிறான். "இனிமே ஆஸ்பத்திரி வேண்டாம்டா. உடம்பு தாங்கல. போதும்." காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி அவர்கள் பாதங்களைத் தொடுகிறது. வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அவன் முகத்தைத் திருப்பாமல் சொல்கிறான்: "நேத்தே கேட்டுச்சுக்கா."