ரெண்டு சிவப்பு வீடு

"ஏன் சார், ரெண்டு மாடி கட்டத் தெரிஞ்ச உங்களுக்கு வீட்டு வரி கட்டத் தெரியாதா?"

கம்ப்யூட்டரக்கா வாசல்லயே இப்படிக் கேட்டதும், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் தான் உரிச்சுக்கிட்டிருந்த ஆரஞ்சுல ஒரு சுளையைப் பிச்சு நீட்டினாரு.

"உட்காரும்மா. தேனா இருக்கு."

அக்கா இருந்த எரிச்சல்ல அந்தச் சுளை தானாவே புளிச்சிருக்கும். வாங்கல.

நகராட்சி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பிரிவுன்னா அவங்க ஒருத்தர்தான். பிரிவுக்குத் தலைவரும் அவங்கதான், பிரிவுக்கு டீ வாங்கிட்டு வர்றதும் அவங்கதான். வரி வசூலுக்கு ஒரு சாஃப்ட்வேரைத் தேடிப் பிடிச்சுப் போட்டாங்க. காசு கிடையாது. எந்தெந்த ஊர்லயோ இருக்கிறவங்க சேர்ந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கங்க, திறந்து பாருங்க, பிடிக்கலேன்னா மாத்திக்கங்கன்னு பொதுவுல வச்சது.

அக்கா மாத்தினாங்க. ஊர் மேப்புல வரி கட்டின வீடு பச்சை, கட்டாத வீடு சிவப்பு. அதை ஆபீஸ் ஹால்ல பெரிய டிவியில ஓட விட்டாங்க.

ஊருக்குப் பித்தே பிடிச்சிடுச்சு. வரி கட்டவே வராதவங்க டிவி பார்க்க வந்தாங்க. வந்தவங்க வெட்கப்பட்டுக் கட்டிட்டுப் போனாங்க. வீடு பச்சையானதும் டிவி பக்கத்துல குடும்பத்தோட நின்னு போட்டோ எடுத்தாங்க. ஒரு மாப்பிள்ளை, மாமனார் வீடு சிவப்பா இருக்கிறதைப் படம் பிடிச்சுக் குடும்ப குரூப்ல போட, மாமனார் செருப்பைக்கூட மாத்திப் போட்டுக்கிட்டு ஓடி வந்தாரு. ஒரு அம்மா, நாங்க முதல் நாளே கட்டினவங்க, எங்களுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமான பச்சையாக் குடுத்தா என்னன்னு சண்டைக்கு நின்னாங்க. மார்ச் கடைசிக்குள்ள முழுசாப் பச்சையாகிற முதல் தெருவுக்குப் புது விளக்குன்னு சேர்மன் வேற சொல்லிட்டாரு.

விளக்கைவிடப் பெரிசு ஒண்ணு அக்காவுக்கு இருந்துச்சு. சாஃப்ட்வேர் எழுதினவங்க மெயில் அனுப்பியிருந்தாங்க. ஒரு தெருவாவது முழுசாப் பச்சையாகிக் காட்டட்டும், உங்க கலர் வேலையை அனுப்புங்க, எல்லா ஊருக்கும் சேர்த்துடறோம்னு. அன்னையிலிருந்து அக்காவுக்குக் கால் தரையில பாவல.

பம்ப் ஹவுஸ் தெருதான் முன்னாடி நின்னுச்சு. பாக்கி ரெண்டே வீடு, எதிரும் புதிருமா. ஒண்ணு மேனேஜர் வீடு. இன்னொண்ணு லாரி டிரைவர் வீடு. அவரு கால் ஒடிஞ்சு, மாவுக்கட்டோட வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரு. வேலையும் இல்ல, வருமானமும் இல்ல. ஆனா அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல நேரம் ஏது? மொத்தத் தெருவும் மேனேஜரைத் திட்டறதுல மும்முரமா இருந்துச்சு. 'சிவப்பு மாமா'ன்னு பேரே வச்சாச்சு. டிரைவரும் தன் பங்குக்கு எதிர்ப்பக்கத்துலேருந்து குரல் குடுப்பாரு.

"சார், எனக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. உங்களுக்குக் கையா?"

தெருவே சிரிக்கும். மேனேஜர் எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிப்பாரு.

ஆரஞ்சு நீட்டின அன்னைக்கு அக்காகிட்டயும் சாக்கு மேல சாக்கு. மூக்குக் கண்ணாடி மாத்தணும், போன் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, பேங்க்ல இருந்தவன் கடைசித் தேதிக்கு முன்னாடி பணத்தை விட்டா ராத்திரி தூக்கம் வராது. எல்லாம் சொல்லி முடிச்சிட்டுக் கேட்டாரு.

"அந்தச் சிவப்பு, சாஃப்ட்வேர் எழுதினவங்க வச்சதாம்மா, நீங்க வச்சதா?"

"நான்தான் வச்சேன்."

"நல்லாத்தான் பளிச்சுனு தெரியுது."

பாராட்டுன்னே அக்கா நினைச்சுக்கிட்டாங்க.

மார்ச் கடைசி நாள். ஹால்ல எள்ளு போட இடமில்ல. கட்டுப் பிரிச்சு மறுபடி வண்டியெடுத்திருந்த டிரைவர், முன்பணம் வாங்கிக்கிட்டு, நொண்டிக்கிட்டே வந்து க்யூவுல நின்னாரு. அவருக்குப் பின்னாடியே மேனேஜர்.

டிரைவர் கட்டினாரு. டிவியில அவர் வீடு பச்சையாச்சு. விசில் பறந்துச்சு. அவரு திரும்பி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டாரு.

"பார்த்தீங்களா சார், உங்களையே முந்திட்டேன்."

"ஆமாப்பா, தோத்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே மேனேஜர் செக்கைக் கவுன்ட்டர்ல நீட்டினாரு.

தெரு முழுக்கப் பச்சை. ஹாலே ஆடுச்சு. நாலு பேர் டிரைவரைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாங்க. பார்த்து, கால் பத்திரம்னு மேனேஜர் பின்னாடியே ஓடினாரு.

அக்காவுக்குத் தலைகால் புரியல. அப்பவும் வாய் சும்மா இருக்குமா? பெஞ்சுல உட்கார்ந்திருந்த மேனேஜர் வீட்டம்மாகிட்டப் போய், "கடைசியில தனியாச் சிவப்பா நிக்கப் பயந்துட்டாரு போல"ன்னு சிரிச்சாங்க.

"பயம்தான் தாயி" அப்படின்னாங்க அந்தம்மா. "அந்தச் செக்கை எழுதி வச்சுக்கிட்டு மாசக்கணக்கா அதே பயம். துவைக்கப் போற சட்டையிலேருந்து நான்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்து வைப்பேன். எதிர்வீட்டுத் தம்பி தனியாச் சிவப்பா நின்னுடக் கூடாதாம்."

அக்கா சீட்டுக்குப் போய், தயாரா வச்சிருந்த மெயிலை அனுப்பாம, சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்தாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் எல்லா ஊருக்கும் சேர்த்து அவங்க அனுப்பின மேப்புல எந்த வீட்டுக்கும் நிறம் கிடையாது. முழுசாக் கட்டி முடிச்சா, தெருவுக்குத்தான் பச்சை.